சக்கரத்தின் நடுவுநிலை

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, மரின் என்றொரு மாவட்டம் உண்டு. அம்மாவட்டத்து மலையொன்றிலிருந்து ஃபெயர்ஃபக்ஸ் என்னும் சிற்றூரை நோக்கி இறங்கும் மண்பாதைக்கு ‘ரீபாக்’ என்பது பெயர். மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட அந்தப் பாதை, அந்தத் தூரத்துக்குள்ளேயே ஏறக்குறைய 400 மீற்றர் கீழிறங்குகின்றது. 1976 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21 ஆம் நாள், இளைஞர் சிலர் அதிலே துவிச்சக்கர வண்டிப் பந்தயம் ஒன்றை நடத்தினர். அவர்கள் ஓட்டியவை, 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்டுக் கைவிடப்பட்ட கனத்த பழைய வண்டிகள். மிதியைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவே உள்ள குடத்துக்குள் தடுப்பு இயங்கும். ஒருமுறை மலையிறங்கி முடிவதற்குள் அக்குடம் கொதித்து, உள்ளே இருந்த கிறீஸ் புகையாய்ப் போய்விடும். மறுமுறை இறங்குவதற்கு முன் குடத்தைப் பிரித்துப் புதிதாகக் கிறீஸ் அடைத்தல் வேண்டும். மீண்டும் அடைத்தல் என்பதே ரீபாக் என்னும் ஆங்கிலச் சொல்லின் பொருள்.

மலைச் சைக்கிளின் வரலாறு இவ்வாறு சக்கரத்தின் தொல்லையோடுதான் தொடங்கிற்று. அந்தக் குழுவைச் சேர்ந்த ஜோ பிறீஸ் என்பவர் 1977 இல் மலைக்கென்றே புதிய வண்டிச் சட்டம் அமைத்தார். 1990 இல் கொலராடோ மாநிலத்து டுராங்கோ நகரில் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. 1996 இல் அற்லாண்டா ஒலிம்பிக் விழாவிலே மலைச் சைக்கிளோட்டமும் இடம்பெற்றது. இருபது ஆண்டுகளுக்குள் ஒரு விளையாட்டு இவ்வளவு வளர்ந்தபோது, அதைத் தாங்கிய சக்கரமும் வளர்ந்தேயாக வேண்டும் அன்றோ? அந்த வளர்ச்சியின் இன்றைய எல்லையிலே நிற்பது, காபன் நாரினால் ஆன அகன்ற வளையம் கொண்ட சக்கரம். அதனை எவ்வாறு கட்டுகிறார்கள், அக்கட்டுமானத்தில் எது முதன்மையானது என்பனவே இங்குச் சிந்திக்கத் தக்கவை.

முதலில் சக்கரத்தின் இயல்பை அறிந்துகொள்ளல் நலம். மாட்டுவண்டிச் சக்கரத்தைப் பார்த்தவர்களுக்குக் குடமும் ஆரக்காலும் வட்டையும் புதியன அல்ல. அங்கே பாரம் கீழேயுள்ள மர ஆரக்காலை அழுத்துகிறது. தூண் கூரையைத் தாங்குவதுபோல் அந்த ஆரக்கால் வண்டியைத் தாங்குகின்றது. சைக்கிள் சக்கரத்தில் இருப்பதோ இரண்டு மில்லிமீற்றர் பருமனுள்ள உருக்குக் கம்பி. அதை நிறுத்தி மேலிருந்து அழுத்தினால் வளைந்துவிடும். அப்படியானால் மனிதனொருவனை அது தாங்குவது எங்ஙனம்?

விடை, இழுவிசையில் உள்ளது. கம்பிகள் எல்லாம் முன்கூட்டியே முறுக்கி இழுக்கப்பட்டுள்ளன. ஒரு கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 110 கிலோகிராம் எடைக்குச் சமம் என்று கொண்டால், 32 கம்பிகளின் இழுவிசையைக் கூட்டிப் பார்க்கையில் மூன்றரைத் தொன் ஆகும். அவ்வளவு இழுவையையும் அரைக்கிலோ அளவே எடையுள்ள ஒரு வளையம் ஓசையின்றிப் பொறுத்து நிற்கிறது. பாரம் ஏறும்போது நிலத்தை நோக்கிய கம்பிகளின் இழுவிசை சற்றுக் குறைகிறது. ஏனையவற்றில் பெரிய மாற்றம் இல்லை. 1981 இல் வெளிவந்த, சைக்கிள் சக்கரம் பற்றிய தமது நூலில் ஜோப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியியலாளர் இதனைக் கணக்கிட்டுக் காட்டினார். கம்பி தன்னிடமுள்ள இழுவையிலிருந்து சிறிது விட்டுக்கொடுத்தே பாரத்தைத் தாங்குகிறது. விட்டுக்கொடுப்பதற்கு இழுவை இல்லாத தளர்ந்த கம்பி எதையும் தாங்காது.

கம்பிச் சக்கரம் பிறந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டில். 1869 இல் பாரிஸ் நகரத்து எயூஜீன் மேயர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1874 இல் இங்கிலாந்தின் கவென்றி நகரத்து ஜேம்ஸ் ஸ்ரார்லி, கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விரிக்காமல், சாய்வாக, ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும்படி அமைத்தார். குடம் திரும்ப, வளையமும் உடனே திரும்புதற்கு அந்தச் சாய்வே வழி செய்தது. இன்றும் உலகெங்கும் பெரும்பாலான சைக்கிள்கள் இந்த முறையிலேயே ஓடுகின்றன.

மாறியது பெரும்பாலும் வளையமே. உருக்கு வளையம் கனமானது. பின்னர் வந்த அலுமினிய வளையம் இலேசானது. ஆயினும் கல்லில் மோதினால் நெளியும். காபன் நாரை நவீன முறையில் செய்யும் வழியை, 1960 ஐ ஒட்டிய ஆண்டுகளில் யப்பானிய அறிஞர் அகியோ ஷிண்டோவும், பின்னர் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுநிலையத்தாரும் கண்டனர். முதலில் விமானத்துக்கு உதவிய அந்த நாரைப் பிசினில் தோய்த்து, தகடு தகடாக அச்சினுள் அடுக்கி, வெப்பமும் அழுத்தமும் கொடுத்து வளையமாக்குகின்றனர். நார்களை எந்தத் திசையில் அடுக்குகிறோமோ அந்தத் திசையில் வலிமை மிகும். அலுமினியத்தைவிட அடர்த்தி குறைவு; விறைப்போ மிகுதி.

ஆயினும் காபன் வளையம் மலைக்கு வருவதற்கு வேறொரு கண்டுபிடிப்பு வழிதிறந்தது. முற்காலத்தில் தடுப்புக்கட்டை வளையத்தையே பற்றி உராய்ந்தது. அவ்வுராய்வின் வெப்பம் பிசினுக்குப் பகை. கட்டையின் இடைவெளிக்குள் அடங்க வேண்டியிருந்தமையால் வளையத்தின் அகலமும் கட்டுப்பட்டிருந்தது. குடத்தோடு இணைந்த தட்டுத்தடுப்பு வந்தபின் வளையம் அந்தப் பணியிலிருந்து விடுதலை பெற்றது. அதன்பின் அது அகலவும் செய்தது. இருபது மில்லிமீற்றர் அளவில் இருந்த உள்ளகலம், 2010களில் முப்பது மில்லிமீற்றர் அளவுக்கு உயர்ந்தது. சிலர் முப்பத்தைந்துக்கும் அப்பாற் சென்று பார்த்து, மீண்டும் முப்பதை அண்டி நின்றனர்.

அகலத்தால் வரும் நன்மை யாது? ஒடுங்கிய வளையத்தில் பருத்த ரயரை மாட்டினால் அது மின்குமிழ் போலக் கழுத்துச் சிறுத்து நிற்கும். வளைவிலே வண்டியைச் சாய்க்குந்தோறும் அது பக்கவாட்டில் நெளியும். அந்த நெளிவைத் தடுக்கக் காற்றை மிகுதியாக அடைத்தல் வேண்டும், காற்று மிகுந்தால் ரயர் கல்லின் மேல் துள்ளும், பிடிப்புக் குறையும். அகன்ற வளையத்திலோ ரயரின் இரு பக்கச் சுவர்களும் ஏறக்குறைய நிமிர்ந்து நிற்கும். அதனால் காற்றைக் குறைத்தாலும் நெளியாது. சதுர அங்குலத்துக்கு 20 முதல் 25 இறாத்தல் வரையான அழுத்தத்துடனேயே மலையேறுவோர் பலர் ஓட்டுகின்றனர். வேரும் கல்லும் நிறைந்த பாதையிலே ரயர் நிலத்தை அணைத்துச் செல்கிறது. ஆனால் அளவை மீறி அகலமாக்கினால், ரயரின் மேற்பரப்பு சதுரமாகிவிடும். பக்கச் சுவர் வெளியே தள்ளிக் கல்லில் கிழியும். எந்த அகலமும் ரயரின் பருமனோடு பொருந்திய அகலமாக இருத்தல் வேண்டும்.

இனி, கட்டும் முறை. வளையம், குடம், 28 அல்லது 32 கம்பிகள், கடைகளில் நிப்பிள் என்று வழங்கும் சிறு திருகுகள் என்பனவே உறுப்புகள். கம்பியின் நீளம் ஓரிரு மில்லிமீற்றர் தவறினாலும் வேலை கெடும். ஆதலின் அச்சிட்ட அளவை நம்பியிராது, நிப்பிள் அமரும் இடத்திலிருந்து எதிர்ப்புறத்து நிப்பிள் அமரும் இடம் வரை, கையிலுள்ள வளையத்தையே தேர்ந்த தொழிலாளி அளந்து பார்ப்பார். அடுத்து நிப்பிளின் உலோகம். காபனும் அலுமினியமும் ஈரத்தோடு தொட்டுக்கொண்டிருந்தால் மின்வேதியியல் முறையில் அலுமினியம் அரிக்கப்படும். சில கிராம் எடை கூடினாலும் பித்தளை நிப்பிள் நீண்டநாள் உழைக்கும்.

பின் கம்பிகளைப் பின்னுதல். குடத்தின் ஒவ்வொரு பக்கத்துக் கம்பியும் அதே பக்கத்தைச் சேர்ந்த வேறு மூன்று கம்பிகளைக் குறுக்கிட்டு, மூன்றாவதன் மறுபுறமாகப் புகுந்து வளையத்தை அடையும். தட்டுத்தடுப்பு குடத்தைப் பிடித்து நிறுத்தும் வேகத்தை வளையத்துக்குக் கொண்டு செல்வன இந்தச் சாய்ந்த கம்பிகளே. காற்றடைக்கும் வாயிலின் இரு மருங்கிலும் கம்பிகள் விலகி நிற்கும்படி தொடங்கவேண்டும். இல்லையெனில் ஒவ்வொரு நாளும் காற்றடிப்பவன் கட்டியவனை நொந்துகொள்வான்.

பின்னி முடிந்ததும் எல்லா நிப்பிளும் ஒரே அளவு திருகப்பட்டிருத்தல் வேண்டும். பின்பு ஒவ்வொன்றையும் அரைச்சுற்று, அடுத்து மீண்டும் அரைச்சுற்று எனப் படிப்படியாக இறுக்குவர். வளையம் இடப்பக்கம் ஒதுங்கினால் அவ்விடத்து வலப்பக்கக் கம்பியை இறுக்குவர்; உயரம் மிகுந்தால் இருபக்கத்தையும் இறுக்குவர். மெல்லிய கம்பி நிப்பிளோடு சேர்ந்து முறுகுமாதலால் சற்று மிகையாகத் திருப்பிப் பின் மீட்பர். இடையிடையே அடுத்தடுத்த கம்பிகளைச் சோடியாகப் பிடித்துக் கையால் அழுத்தி, அவற்றின் வளைவுகள் தத்தம் இடத்தில் படியச் செய்வர்.

இங்கேதான் காபன் வளையம் கட்டுபவரைச் சோதிக்கிறது. அலுமினிய வளையம் ஒளிவுமறைவு அறியாதது. ஒரு கம்பி தளர்ந்தாலும் ஒரு கம்பி மிகையாக இறுகினாலும் உடனே அவ்விடத்தில் நெளிந்து குறையைக் காட்டிவிடும். அகன்ற காபன் வளையமோ தன் விறைப்பினால் அந்தக் குறையை உள்ளே அடக்கிக்கொள்கிறது. ஒரு கம்பி 130 கிலோவும் அடுத்த கம்பி 80 கிலோவுமாக இழுத்துக்கொண்டிருக்க, சக்கரம் மயிரிழையும் பிசகாமல் நேராகச் சுழலக்கூடும். பார்ப்பவர் மெச்சுவர், கட்டியவரும், அவசரக்காரராயின், கருவியைக் கீழே வைத்துவிடுவார்.

குறை வெளிப்படுவது மலையில். இன்று பெரிதும் வழங்கும் 29 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 430 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் ஒவ்வொரு கம்பியும் ஒருமுறை நிலத்தைப் பார்த்துத் தளர்ந்து, மீண்டும் இறுகுகின்றது. இழுவை குறைந்த கம்பி கல்லில் மோதும் வேளைகளில் முற்றிலும் தளர்ந்துவிடும். அப்போது அதன் நிப்பிள் தானே கழன்றுகொண்டு வரும். வளைந்த கழுத்திலே உலோகம் களைத்துப் போகும். அதன் பங்கையும் சேர்த்துச் சுமக்கும் அயற்கம்பியோ, வளையத்தின் துளையைச் சுற்றி நாரைப் பிளக்கப் பார்க்கும். அலுமினியம் நெளிந்து எச்சரிக்கும். காபன் பெரும்பாலும் நெளிவதில்லை, வெடிக்கும். செங்குத்தான இறக்கத்தில் முன்சக்கரத்தின் மேல் தன் உயிரையே வைத்துச் செல்பவனுக்கு இது சிறிய செய்தி அன்று.

ஆகவே கண்ணின் சான்று போதாது என்பதே இத்தொழிலின் முதற் பாடம். இழுவிசையைக் காட்டும் கருவியைக் கம்பிதோறும் வைத்து அளந்து எழுதிக்கொள்வோர் உளர். அதற்கு முன்பே இருந்து வரும் மற்றொரு கருவி செவி. வீணையின் நரம்பைத் தெறிப்பதுபோலக் கம்பியை விரலால் தெறித்தால், இறுகியது உயர்ந்த ஒலியும் தளர்ந்தது தாழ்ந்த ஒலியும் தரும். ஒரே பக்கத்துக் கம்பிகள் யாவும் ஒரே சுரத்தில் ஒலித்தால் அந்தச் சக்கரம் நம்பத்தக்கது. நம்மூர்ச் சைக்கிள் திருத்தகங்களில் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, கம்பியைத் தட்டிக் கேட்டுக் கோட்டம் எடுப்பவரும் இந்த நுட்பத்தையே கையாளுகின்றனர். காபன் வந்த காலத்தில் அவர்களின் செவி பழையதாகிவிடவில்லை, முன்னிலும் வேண்டப்படுவதாயிற்று.

ஆனால் சமன் என்பதை எங்கும் ஒரே அளவு என்று கொள்ளுதல் பிழை. பின்சக்கரத்தில் பற்சில்லுகள் ஒரு பக்கத்து இடத்தைப் பிடித்துக்கொள்வதால், அப்பக்கத்துக் கம்பிகள் செங்குத்தாகவும் மறுபக்கத்துக் கம்பிகள் சரிவாகவும் நிற்கின்றன. வளையம் நடுவில் நிற்கவேண்டுமாயின், செங்குத்தான பக்கம் மிகுதியாக இழுத்தேயாக வேண்டும். 142 மில்லிமீற்றராக இருந்த பின்குடத்தை 148 மில்லிமீற்றர் ஆக்கியதும் அவ்வேறுபாட்டைச் சற்றுக் குறைத்தது. வளையத்தின் துளைகளை நடுவிலிருந்து ஒதுக்கியும் வைத்தனர். வேறுபாடு குறைந்ததேயன்றி அழியவில்லை. ஒரு பக்கத்துக் கம்பிகள் தமக்குள் ஒத்திருத்தல், இரு பக்கங்களும் தத்தம் நிலைக்கு ஏற்ற பங்கை ஏற்றல் ஆகிய இரண்டும் கூடியதே சக்கரத்தின் நடுவுநிலை.

இன்று இயந்திரங்களும் சக்கரம் கட்டுகின்றன, விரைவாகவும் கட்டுகின்றன. ஆயினும் விலைமிக்க காபன் சக்கரங்கள் பலவற்றின் முடிவு வேலையை மனிதக் கையே செய்கின்றது. வளையம் எத்துணை உயர்ந்ததாயினும் அது தானாகச் சக்கரம் ஆவதில்லை. வெளித்தோற்றம் நேராக இருந்த மாத்திரத்தில் நின்றுவிடாது, உள்ளே எந்தக் கம்பி அளவுக்கு மீறிச் சுமக்கிறது, எது சுமக்காமல் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டறியும் பொறுமையே அதனைச் சக்கரமாக்குகின்றது. வகுப்பறையாயினும் குடும்பமாயினும், பலர் சேர்ந்து ஒரு பாரத்தைச் சுமக்கும் இடங்களில் இந்தப் பொறுமை வேண்டப்படுகிறது. புறத்தே கோட்டம் தெரியாத இடத்திலேதான் அதற்கு வேலை மிகுதி.