அருவிக்கரையில் அசல் ஷாம்பு

ஷாம்பு முதலில் ஒரு பொருளின் பெயர் அல்ல. ஒரு வேலையின் பெயர். ஆங்கிலத்தில் அது வினைச்சொல். உடம்பைப் பிடித்துவிடுவது என்று பொருள். அமுக்கு, பிசை என்று ஏவும் 'சாம்போ' என்ற இந்திச் சொல், 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குப் போய் ஷாம்பு ஆனது. பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது, இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் இப்படி உடம்பு பிடித்துவிடும் குளியல் நிலையம் நடத்தியவர். மன்னர் நான்காம் ஜார்ஜின் ஷாம்பு வைத்தியராகவே நியமிக்கப்பட்டார். எவ்வளவு பெரிய மரியாதை அது!

குற்றாலத்தில் சாரல் காலத்தில், அருவிக்குப் போகுமுன் எண்ணெய் தேய்த்துக் கை கால் பிடித்துவிடுகிறார்களே, அதுதான் அசல் ஷாம்பு. முதலில் ஷாம்பு என்றால் பிடித்துவிடுவதுதான். தலைமுடியை நுரைபோட்டு அலசுவது என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் வந்தது. தென்காசிக் கடைகளில் சரம் சரமாகத் தொங்கும் பாக்கெட்டுக்குப் பெயரானது அதற்கும் பிறகு. ஆங்கிலத்தில் இன்றும் அது வினையாகவும் வழங்குகிறது. தரைவிரிப்பைக்கூட ஷாம்பு செய்கிறார்கள்.