காதில் வடியும் சீழ்
(ஜுருவில் ஆற்றிய உரை)



பிள்ளையின் காதில் சீழ் வடிந்தால், “வளர்ந்தால் நின்றுவிடும்” என்று இருந்துவிடாதீர்கள். செவிப்பறை ஓட்டையாகிக் காது மந்தமாகும். 2004-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, இந்நோய் இந்தியாவில் நூற்றுக்கு 4 பேருக்கு மேல், மலேசியாவில் 2 முதல் 4 பேர் வரை என வரிசைப்படுத்தியது.

நோய் மிகுந்த நாட்டில் அறுவை சிகிச்சையும் மிகுதி என்று எண்ணாதீர்கள். நிபுணர் இருக்கும் இடத்தில்தான் அது நடக்கும். அறுவை குறைவு என்றால் நோய் குறைவு என்று பொருளல்ல. வழியில்லாதவர் அதிகம் என்றும் பொருள்.

எலும்பை அரிக்கும் வகைக்கு அறுவை சிகிச்சை அவசியம். தாமதித்தால் மூளைக்கும் ஆபத்து. எண்ணெய் ஊற்றாதீர்கள். அரசாங்கக் கிளினிக்கில் காட்டி, பினாங்கு பெரியாஸ்பத்திரி காது நிபுணருக்குக் கடிதம் கேளுங்கள். ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும். பிள்ளையின் செவி போகவேண்டாம்!