கடைசியாக வருபவருக்காகக் காத்திருப்போம்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் எங்கள் ஓட்டக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



இந்த மேடையில் பேராசிரியர்களும் வைத்தியர்களும் பேசிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குப் பிறகு, காலையில் வீதியில் ஓடுகிற எங்களைப் பேச அழைத்திருக்கிறீர்கள். வகுப்பில் கடைசி வாங்கிலில் இருந்தவர்களைத் திடீரென்று கரும்பலகைக்குக் கூப்பிட்டது போல இருக்கிறது. ஆனாலும் சொல்வதற்கு எங்களிடம் ஒரு விடயம் இருக்கிறது.

எங்கள் குழு தொடங்கியது இல்ல மெய்வல்லுநர் போட்டியொன்றின் பழைய மாணவிகள் நிகழ்ச்சியில்தான். வழக்கம்போலச் சங்கீதக் கதிரை. அதோடு அந்த ஆண்டு 50 மீற்றர் ஓட்டமும் வைத்தார்கள். சேலையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொண்டு ஓடினோம். முடிவுக் கோட்டைத் தாண்டியதும் எங்களில் இரண்டு பேர் புல்லிலேயே இருந்துவிட்டோம். தண்ணீர் கொண்டுவந்த மாணவி, “அன்ரி, அம்புலன்ஸ் கூப்பிடவா?” என்று கேட்டாள். பகிடியாகக் கேட்டாளா, பயந்து கேட்டாளா என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அடுத்த சனிக்கிழமை விடிய முன்னர் உட்துறைமுக வீதியில் ஐந்து பேர் கூடினோம்.

முதல் நாள் நாங்கள் ஓடவில்லை என்றே சொல்ல வேண்டும். லண்டனில் இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி ஒரு பயிற்சி முறையை அனுப்பியிருந்தாள். 1996 இல் ஜொஷ் கிளார்க் என்ற அமெரிக்க இளைஞர், ஐம்பது வயதைக் கடந்த தன் தாயாரைக் கதிரையிலிருந்து எழுப்புவதற்காக வகுத்த முறை அது. ஐந்து நிமிடம் விரைவாக நடக்க வேண்டும். பிறகு 60 வினாடி மெதுவோட்டம், 90 வினாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். வாரத்தில் மூன்று நாள், ஒன்பது வாரம். முடிவில் நிற்காமல் ஐந்து கிலோமீற்றர் ஓடலாம். எங்களுக்கு ஒன்பது வாரம் போதவில்லை, பதினாறு வாரம் சென்றது. அதனால் ஒரு நட்டமும் வரவில்லை.

அந்த நாட்களில் கற்றுக்கொண்ட முதற்பாடம் இது: ஓடும்போது பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். பேச்சில் எங்களுக்கு எப்போதும் குறையில்லாதபடியால் இந்தப் பாடம் சுலபமாக வந்தது.

எங்கள் பாதையை வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகச் சொல்கிறோம். உட்துறைமுக வீதியில் தொடங்கும்போது கப்பல்களின் விளக்குகள் இன்னும் அணைந்திருக்காது. அங்கிருந்து டச்சு விரிகுடாக் கரைக்கு வந்து, பிரட்றிக் கோட்டை வாசல் வரை போய்த் திரும்புவோம். கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் முதலில் எங்களைக் கண்டு விலகி ஓடின. இப்போது தலையைக்கூட நிமிர்த்துவதில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஆறரை மணிக்குள் முடித்துவிட வேண்டும்; பிறகு வெயில் சுடும். மாரியில் மழை நிற்கும் இடைவெளி பார்த்து ஓடுவோம். மாதம் ஒருமுறை வாகனத்தில் கிண்ணியாவுக்குப் போய், பாலத்தில் ஓடுவோம். ஒரு காலத்தில் ‘பாதை’க்குக் காத்திருந்து கடந்த அந்த நீரை, 2009 இல் திறந்த 396 மீற்றர் பாலத்தில் இப்போது சில நிமிடங்களில் கடக்கிறோம். கிண்ணியாச் சகோதரிகள் இருவர் அங்கே எங்களோடு சேர்ந்துகொள்வார்கள். அவர்கள் நம் கல்லூரியில் படித்தவர்கள் அல்லர். ஓடத் தொடங்கினால் யாரும் அதைக் கேட்பதில்லை.

இன்று நாங்கள் இருபது பேருக்கு மேல். எங்கள் சாதனைகளைச் சொல்லும்படி செயலாளர் கேட்டிருந்தார். சொல்கிறோம். எங்களில் ஆறு பேர் கொழும்பில் 10 கிலோமீற்றர் ஓட்டத்தை முடித்திருக்கிறோம். வங்கியில் வேலை செய்யும் தங்கை ஒருத்தி 21.1 கிலோமீற்றர் அரை மரதனை இரண்டு முறை ஓடிவிட்டாள். மெல்பேர்ணில் இருக்கும் அக்கா ஒருவர் 42.195 கிலோமீற்றர் முழு மரதனை ஓடி முடித்துவிட்டு, கால் நகம் இரண்டு கறுத்துப்போன படத்தை எங்களுக்கு அனுப்பினார். பதக்கத்தின் படம் அடுத்த நாள்தான் வந்தது. முதலிடம் எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அவரிடம் அனுமதி கேட்டோம். “பெயரைச் சொல்லாமல் சொல்லுங்கோ” என்றார்.

அந்த அக்கா ஒன்பதாம் வகுப்பில் 800 மீற்றர் ஓட்டத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தவர். வெறுங்காலோடு ஓடி வந்தவர். அடுத்த கட்டப் போட்டிக்குத் தெரிவானார். இடையில் பெரியபிள்ளையானார். “இனி மைதானம் போதும்” என்று அம்மம்மா சொன்னார். வீட்டில் யாரும் மறுத்துப் பேசவில்லை, அவரும் பேசவில்லை. அதன்பின் நாட்டில் வந்த காலத்தை இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஊரடங்கும் சோதனைச் சாவடியும் இருந்த ஊரில் விடிய முன்னர் ஒரு பெண்பிள்ளை வீதியில் ஓடினால், உடற்பயிற்சி என்று யார் நினைப்பார்கள்? நாற்பது ஆண்டுகள் போய்விட்டன.

எங்களோடு சேரும்போது, “நான் சும்மா துணைக்கு நடக்க வாறன்” என்றுதான் வந்தார். மூன்றாம் வாரம் ஓடத் தொடங்கினார். கொழும்பு 10 கிலோமீற்றரை ஒரு மணி 34 நிமிடத்தில் முடித்தார். நாங்கள் ஐந்து பேரும் முடிவுக் கோட்டில் நின்று கத்திக்கொண்டிருந்தோம். எத்தனையாவதாக வந்தார் என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். அக்கா மூச்சு வாங்கிக்கொண்டே, “கடைசியிலிருந்து பதினோராவது” என்றார். திரும்பி வரும் பஸ்ஸில், ஹபரணை தாண்டிய பிறகு, “எனக்கு அந்த 800 மீற்றர் இன்னும் முடியேல்லை” என்று மட்டும் சொன்னார்.

பெண்கள் நீண்ட தூரம் ஓடக்கூடாது என்று சொன்னது நம் அம்மம்மாமார் மட்டும் அல்லர். 1928 இல் ஆம்ஸ்ரர்டாம் ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீற்றர் ஓட்டம் வைத்தார்கள். ஜேர்மனியின் லீனா ராட்கே 2 நிமிடம் 16.8 வினாடியில் வென்றார். ஓடியவர்கள் களைத்துத் தரையில் இருந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெருப்பித்தன. பெண்ணுடல் இதற்குத் தாங்காது என்று எழுதின. அந்த ஓட்டத்தை எடுத்துவிட்டார்கள். 1960 இல் ரோமில்தான் அது திரும்பி வந்தது. ஆண்கள் 1896 முதல் ஓடிய ஒலிம்பிக் மரதன், பெண்களுக்கு 1984 இல் லொஸ் ஏஞ்சலிசில்தான் கிடைத்தது. நம் கல்லூரியின் நூறு ஆண்டுகளில் பெரும்பகுதி, உலகமும் நம் அம்மம்மா சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது.

அந்தச் சொல்லைப் பொய்யாக்கியவர்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். 1948 இல் டங்கன் வைட் பெற்ற பதக்கத்துக்குப் பிறகு இலங்கைக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 52 ஆண்டுகள் சென்றன. 2000 ஆம் ஆண்டு சிட்னியில் அதை வென்றவர் ஒரு பெண், ஏழைக் குடும்பத்துக் கிராமத்துப் பிள்ளை சுசந்திகா ஜயசிங்க. 200 மீற்றரில் வெண்கலமாக வந்த அது, பின்னர் வெள்ளியாக உயர்த்தப்பட்டது. 2023 இல் முள்ளியவளையைச் சேர்ந்த 72 வயது அகிலத்திருநாயகி அம்மா பிலிப்பைன்சில் நடந்த மூத்தோர் போட்டியில் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அன்று எங்கள் கைப்பேசிகளில் வேறு செய்தியே ஓடவில்லை. மூத்தோர் போட்டிகளில் 35 வயது முதல் ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் உண்டு. ஐம்பத்திரண்டு வயதுக்காரி இருபது வயதுக்காரியோடு ஓடத் தேவையில்லை. அறுபது வயதானால் அந்தப் பிரிவில் நீங்கள்தான் இளையவர்.

இனி எங்கள் தவறொன்றையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் ஒருத்தி, வாரம் மூன்று நாள் தவறாமல் ஓடுபவள், தன் மகளைப் பயிற்சியிலிருந்து நிறுத்தினாள். மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை, பின்னேரம் ரியூசன், மைதானத்துக்கு நேரமில்லை என்பது காரணம். மகள் கேட்டாளாம், “அம்மா, நீங்கள் மட்டும் ஓடலாமோ?” அவள் இதை அடுத்த நாள் கடற்கரையில் எங்களிடம் சொன்னபோது யாருக்கும் பதில் வரவில்லை. எங்களில் வேறு மூன்று பேர் அதையே, அதே காரணத்துக்காக, எங்கள் பிள்ளைகளுக்குச் செய்திருந்தோம். அம்மம்மா ஒரு காரணம் சொன்னார், நாங்கள் இன்னொரு காரணம் சொல்கிறோம். பிள்ளை வீட்டுக்குள் நிற்கிறாள் என்பதில் மாற்றமில்லை. அந்த மகள் இப்போது மீண்டும் பயிற்சிக்குப் போகிறாள். ரியூசனில் ஒரு பாடத்தை விட்டாள். பெறுபேறு எப்படி வரும் என்ற பயம் தாய்க்கு இன்னும் இருக்கிறது. எங்களுக்கும் இருக்கிறது. இருந்தாலும் அனுப்பியிருக்கிறோம்.

அதனால் இந்த நூற்றாண்டு மேடையில் மூன்று வேண்டுகோள்.

ஒன்று, தாய்மாருக்கு. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளை ஓட்டத்தை நிறுத்த நினைத்தால், முதலில் ஏன் என்று கேளுங்கள். பல வேளைகளில் காரணம் சிறியது, ஆனால் அவளுக்குச் சொல்லக் கூச்சம். பொருத்தமான உள்ளாடை இல்லை, மாதவிடாய் நாட்களில் என்ன செய்வதென்று தெரியவில்லை, யாராவது பார்ப்பார்கள் என்ற வெட்கம். மேடையில் இதைச் சொல்ல எங்களுக்கும் கூச்சம்தான். நாங்கள் சொல்லாவிட்டால் யார் சொல்வது?

இரண்டு, வெளிநாட்டுப் பழைய மாணவிகளுக்கு. நீங்கள் அன்போடு அனுப்பும் வெற்றிக்கிண்ணங்களுக்கு நன்றி. அலுமாரியில் இனி இடமில்லை. அதற்குப் பதிலாக ஓட்டச் சப்பாத்துகளும் விளையாட்டுக்குரிய உள்ளாடைகளும் அனுப்பினால், கேட்க வெட்கப்படும் பிள்ளைகளுக்கு அவற்றை அமைதியாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு.

மூன்று, எல்லோருக்கும். 2004 இல் லண்டனின் புஷி பூங்காவில் பதின்மூன்று பேரோடு தொடங்கிய பார்க்ரன் என்னும் ஐந்து கிலோமீற்றர் ஓட்டம், இன்று பல நாடுகளில் சனிக்கிழமை காலைகளில் கட்டணமின்றி நடக்கிறது. அதில் ஒரு வழக்கம் உண்டு. தொண்டர் ஒருவர் வேண்டுமென்றே எல்லோருக்கும் பின்னால் நடந்து வருவார். ஆகவே வேறு யாரும் கடைசியாக வருவதில்லை. அந்த வழக்கத்தை நாங்களும் எடுத்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் முறைவைத்துக் கடைசியில் வருவார்; கடைசியாக வருபவர் வரும்வரை யாரும் தேநீர் குடிப்பதில்லை. லண்டனிலோ ரொறன்ரோவிலோ மெல்பேர்ணிலோ இருப்பவர்கள் உங்கள் ஊர்ப் பூங்காவுக்கு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். நடந்தாலும் போதும். ஊருக்கு வரும்போது எங்களோடு வாருங்கள்.

அடுத்த மெய்வல்லுநர் போட்டியின் பழைய மாணவிகள் நிகழ்ச்சியில் சங்கீதக் கதிரையோடு 800 மீற்றர் ஓட்டமும் வைக்கும்படி அதிபர் அவர்களிடம் கேட்டிருந்தோம். அவர் சம்மதித்துவிட்டார். நடந்தும் போகலாம், ஓடியும் போகலாம். நாங்கள் சொன்ன அந்த அக்கா தன் பெயரை முதலாவதாகக் கொடுத்திருக்கிறார். பத்தாம் வகுப்பில் படிக்கும் அந்த மகள், அவரோடு இரண்டு சுற்றும் பக்கத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அம்புலன்ஸ் தேவைப்படாது என்று நம்புகிறோம்.

சனிக்கிழமை விடியற்காலை ஐந்தேகால் மணிக்கு உட்துறைமுக வீதியில் நிற்போம். பிந்தி வந்தாலும் வாருங்கள், காத்திருப்போம்.