பதிமூன்றே முக்கால் வயதுப் பையனின் டைரி



பதின்ம வயதுப் பிள்ளைகள் எழுதுவது போல அமைந்த வேடிக்கையான டைரி நாவல்கள் இன்றைக்குப் புத்தகக் கடைகளில் அலமாரி அலமாரியாக நிற்கின்றன. அந்த வரிசைக்கு ஒரு மூத்த பிள்ளை உண்டு. பெயர் ஏட்ரியன் மோல். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கிற லெஸ்டர் நகரத்துப் பையன். டைரியைத் தொடங்கும்போது அவனுக்குப் பதிமூன்றே முக்கால் வயது. அந்த முக்காலை விட்டுக்கொடுக்க மனம் வராத வயது அது. 1982இல் புத்தகமாக வந்த இந்த டைரியும் 1984இல் வந்த அதன் தொடர்ச்சியும் அந்தப் பத்தாண்டில் பிரிட்டனில் மிக அதிகமாக விற்ற நாவல்களில் சேர்ந்தன.

ஆனால் ஏட்ரியன் முதலில் புத்தகத்தில் பிறக்கவில்லை, வானொலியில் பிறந்தான். அந்தக் கதையைத்தான் இன்று பேசப்போகிறேன்.

நாவலாசிரியர் சூ டவுன்சென்ட், 1946இல் அதே லெஸ்டரில் பிறந்தவர். அப்பா தபால்காரர். எட்டு வயது வரை அவருக்கு வாசிக்கத் தெரியாது. உடம்பு சரியில்லாமல் வீட்டில் கிடந்த நாட்களில்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகினார். கையில் கிடைத்தவை ரிச்மல் கிராம்ப்டன் எழுதிய ‘வில்லியம்’ கதைகள். ஊரையே இரண்டு படுத்தும் ஒரு வால்பையனின் கதைகள் அவை. பதினைந்து வயதில் பள்ளிப் படிப்பு முடிந்தது. தொழிற்சாலை, பெட்ரோல் பங்க் என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்தார். பதினெட்டில் கல்யாணம், இருபத்து மூன்றுக்குள் மூன்று குழந்தைகள். அந்தக் கல்யாணம் நிலைக்கவில்லை.

பிள்ளைகள் தூங்கிய பிறகு இரவில் உட்கார்ந்து எழுதினார். எழுதியதை யாருக்கும் காட்டவில்லை. பல ஆண்டுகள் இப்படி ஒளித்து எழுதியவர், பிறகு புதிய துணைவர் தந்த தைரியத்தில் 1978இல் லெஸ்டரின் ஃபீனிக்ஸ் நாடக அரங்கில் கூடிய எழுத்தாளர் குழுவில் சேர்ந்தார். மருத்துவமனைக் காத்திருப்பு அறையில் நடக்கும் அவருடைய நாடகம் ‘வோம்பராங்’ அவருக்கு ஓர் உதவித்தொகையைப் பெற்றுத் தந்தது. அதன் பிறகுதான் வெளியுலகம் அவரை எழுத்தாளர் என்று அறிந்தது.

ஏட்ரியனின் குரல் எங்கிருந்து வந்தது என்பதையும் அவரே சொல்லியிருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் பெரிய பையன் அலுத்துக்கொண்டு கேட்டானாம்: மற்றவர்கள் குடும்பத்தோடு வனவிலங்குப் பூங்காவுக்குப் போகிறார்களே, நாம் மட்டும் ஏன் போவதில்லை? தனியாளாக மூன்று பிள்ளைகளை வளர்க்கும் தாயிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனால் அந்தச் சலிப்பு, பெற்றோரைத் தராசில் வைத்து நிறுக்கிற அந்தத் தோரணை, அவர் காதில் தங்கிவிட்டது.

அதை ஒற்றைக் குரல் நாடகமாக எழுதினார். பிபிசி வானொலி நாடகப் பிரிவில் இருந்த ஜான் டைட்மனிடம் அந்தப் பிரதி போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பிடித்துவிட்டது. 1982 ஜனவரி 2ஆம் தேதி, ரேடியோ 4இல் நிக்கலஸ் பார்ன்ஸ் என்ற நடிகரின் குரலில் அது ஒலிபரப்பானது. அப்போது அந்தப் பையனின் பெயர் ஏட்ரியன் இல்லை, நைஜல் மோல். மெத்யுவன் பதிப்பகம் புத்தகமாகப் போட முன்வந்தபோது ஒரு சிக்கல் எழுந்தது. நைஜல் மோல்ஸ்வொர்த் என்ற பள்ளிக்கூடப் பையன் 1950களிலேயே ஜெஃப்ரி வில்லன்ஸ் எழுதி, ரொனால்ட் சர்ல் படம் வரைந்த நகைச்சுவை நூல்களில் பிரபலமாகியிருந்தான். குழப்பம் வேண்டாம் என்று நைஜல் ஏட்ரியன் ஆனான். பழைய பெயரையும் டவுன்சென்ட் வீணாக்கவில்லை. கதையில் ஏட்ரியனின் நண்பன் பெயர் நைஜல்.

இனி டைரிக்குள் போவோம். 1981 புத்தாண்டு அன்று தொடங்குகிறது. முகத்தில் பரு. பள்ளியில் பேரி கென்ட் என்ற முரடன் மிரட்டிக் காசு பறிக்கிறான். பண்டோரா என்ற பெண்ணின் மேல் காதல். பள்ளி ஏற்பாட்டில் முதியோருக்கு உதவப் போகிறான். அங்கே அவன் தலையில் வந்து விழுகிறவர் பெர்ட் பாக்ஸ்டர், தொண்ணூறை நெருங்கும் கம்யூனிஸ்ட் கிழவர், ஒரு முரட்டு நாயோடு. இத்தனைக்கும் நடுவில் ஏட்ரியன் தன்னை ஓர் அறிவுஜீவி என்று முடிவு கட்டிவிடுகிறான். ஆதாரம், தொலைக்காட்சியில் ஒரு பெரிய மனிதர் பேசியது அவனுக்கு அநேகமாக எல்லாமே புரிந்துவிட்டதாம்.

ஒரு காட்சியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். அவன் அறைச் சுவரில் சின்ன வயதில் ஒட்டிய காகிதம் இன்னும் இருக்கிறது. எனிட் பிளைட்டன் உருவாக்கிய நோடி பொம்மையின் படம் போட்ட காகிதம். காதலிக்கிற, கவிதை எழுதுகிற அறிவுஜீவி நோடிக்கு நடுவில் தூங்கலாமா? கறுப்பு வண்ணம் வாங்கி அடிக்கிறான். எல்லாம் மறைகிறது, நோடியின் தொப்பியில் தொங்கும் மணிகள் மட்டும் மறைய மறுக்கின்றன. மேல் பூச்சு பூசினாலும் எட்டிப் பார்க்கின்றன. கடைசியில் கறுப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு மணியாகத் தீட்டுகிறான். வளர்ந்துவிட்டேன் என்று காட்டத் துடிக்கிற வயதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

ஆனால் இந்த நாவலின் உயிர் இந்தக் கேலியில் மட்டும் இல்லை. ஏட்ரியன் எல்லாவற்றையும் பார்க்கிறான், எல்லாவற்றையும் எழுதுகிறான், எதுவும் அவனுக்குப் புரிவதில்லை. பக்கத்து வீட்டு லூக்காஸ் அடிக்கடி வந்து போகிறார்; அம்மா பாலீன் முகத்தில் சிரிப்பு கூடுகிறது. பையன் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த வரியில் பருவைப் பற்றிக் கவலைப்படுகிறான். நமக்கோ அப்போதே விஷயம் பிடிபட்டுவிடுகிறது. அம்மா லூக்காஸோடு ஷெஃபீல்டுக்குப் போனபோதுதான் அவனுக்கு உறைக்கிறது. அப்பா ஜார்ஜுக்கு வேலை போகிறது. அது மார்கரெட் தாட்சர் பிரதமராக இருந்த காலம். நாடகம் ஒலிபரப்பான அதே 1982 ஜனவரியில் பிரிட்டனில் வேலையில்லாதோர் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. டைரியில் அந்தப் புள்ளிவிவரம் எதுவும் தேவைப்படவில்லை. வீட்டுக்குள் காசு குறைவதும் பெரியவர்கள் எரிந்து விழுவதும் போதுமாக இருந்தன.

1982 ஏப்ரல் 2ஆம் தேதி அர்ஜென்டினா, பிரிட்டன் வசமிருந்த ஃபாக்லண்ட் தீவுகளில் படையை இறக்கியது. டவுன்சென்ட் பிறந்ததும் ஒரு ஏப்ரல் 2. தன் பிறந்த நாளையே ஏட்ரியனுக்கும் கொடுத்திருந்தார். ஆக, பையனுக்குப் பதினைந்து வயது முடிகிற அன்றைக்குப் போர் வருகிறது! டைரியின் கடைசிப் பக்கங்களில், செய்தியைக் கேட்ட அப்பா படுக்கையிலிருந்து துள்ளி எழுகிறார். அந்தத் தீவுகள் ஸ்காட்லாந்துக்குப் பக்கத்தில் இருப்பதாக நினைப்பு. எங்கோ தொலைவில் என்று தெரிந்ததும் மறுபடி போர்த்திக்கொள்கிறார். வரைபடத்தில் தேடினால் தீவையே காணோம். பழக் கேக்கின் துணுக்கு ஒன்று அதன் மேல் விழுந்து மறைத்திருக்கிறது. ஒரு தேசத்தின் போர்வெறியை டவுன்சென்ட் எதிர்கொண்ட விதம் இது.

இப்படிப் பையனுக்குப் புரியாததும் நமக்குப் புரிவதுமான அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. அதனால்தான் வானொலி இதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஒரே குரல், அவன் சொல்வது மட்டும்தான் காதில் விழும், மீதியை நாமே ஊகிக்க வேண்டும். வேறு ஊடகத்துக்குக் கொண்டுபோன ஒவ்வொருவரும் இந்த இடைவெளியை எப்படிக் காப்பாற்றுவது என்ற கேள்வியோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

முதலில் மேடை. 1984இல் லெஸ்டர் ஃபீனிக்ஸ் அரங்கில் பாடல்களோடு நாடகமாயிற்று. பாடல்களை அமைத்தவர்கள் கென் ஹோவர்ட், ஆலன் பிளெய்க்லி இருவரும். அதே ஆண்டு இறுதியில் லண்டன் விண்டம்ஸ் அரங்குக்கும் போனது. மேடையில் ஒரு வசதி உண்டு. பையன் நேராகச் சபையைப் பார்த்து மனதில் இருப்பதைச் சொல்லலாம், பாடலாம்.

1985இல் தேம்ஸ் தொலைக்காட்சி ஆறு பகுதித் தொடராக எடுத்தது. இயக்கியவர் பீட்டர் சாஸ்டி. டிராகுலா போன்ற திகில் படங்கள் எடுத்தவர். ஏட்ரியனாக ஜியான் சம்மார்கோ, அம்மாவாக ஜூலி வால்டர்ஸ். தொடக்கப் பாட்டைப் பாடியவர் இயன் டூரி. இங்கேதான் சிக்கல் கூர்மையாகிறது. ஏட்ரியன் கவனிக்காததை எல்லாம் கேமரா காட்டிவிடுகிறதே! லூக்காஸும் பாலீனும் ஒரே சட்டகத்தில் நின்றால் ஊகிக்க என்ன மிச்சம்? அதற்கு மாற்றாகக் காட்சிக்கு மேல் பையனின் டைரிக் குரலை ஓட்டினார்கள். படம் ஒன்று சொல்லும், குரல் வேறொன்று சொல்லும். இன்னொரு லாபமும் கிடைத்தது. ஜூலி வால்டர்ஸ் நடிப்பில், டைரியில் பாதி மறைந்திருந்த அந்த அம்மாவின் தவிப்பு முழுசாகத் தெரிந்தது. 1987இல் வந்த இரண்டாம் தொடரில் அம்மா வேடத்துக்குப் பாடகி லூலூ வந்தார்.

கணினி விளையாட்டாகக்கூட வந்தது என்றால் பலருக்கு வியப்பாக இருக்கும். லெவல் 9 என்ற நிறுவனம் அன்றைய வீட்டுக் கணினிகளுக்காகச் செய்தது. சுடுவதும் தாவுவதும் இல்லை. டைரி வரிகள் திரையில் வரும், ஏட்ரியன் என்ன செய்யலாம் என்று அவ்வப்போது நாம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டவுன்சென்ட் அவனை விட்டுவிடவில்லை. புத்தகத்துக்குப் புத்தகம் அவனுக்கு வயது ஏறியது. நாற்பதை எட்டும் வரை கொண்டுபோனார். 1999இல் வந்த நூலில் அவன் லண்டன் உணவகம் ஒன்றில் சமையல்காரன். பண்டோரா தொழிற்கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். இதை 2001இல் பிபிசி தொடராக எடுத்தது. ஏட்ரியனாக ஸ்டீஃபன் மேங்கன். 2004இல் வந்த நூலில், இராக்கின் ஆயுதங்களுக்குப் பயந்து ரத்து செய்த சைப்ரஸ் பயணத்துக்குக் கட்டிய முன்பணத்தைத் திரும்பப் பெறுவதற்காக, அந்த நாட்டில் பேரழிவு ஆயுதம் இருப்பதற்குச் சான்று கேட்டுப் பிரதமர் டோனி பிளேருக்கே எழுதுகிறான். பதிமூன்று வயதுப் பையனின் அறியாமை சிரிக்க வைக்கும். முப்பது தாண்டியவனின் அறியாமை சிரிப்போடு கொஞ்சம் வலிக்கவும் செய்யும். அந்த வித்தியாசத்தை ஆசிரியர் நன்றாக உணர்ந்தே எழுதினார்.

நீரிழிவு நோயால் அவருடைய பார்வை போனது. பிறகு சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். மகன் கொடுத்த சிறுநீரகத்தோடு இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்து, 2014 ஏப்ரலில் காலமானார். அடுத்த ஆண்டே ஜேக் பிரங்கர், பிப்பா கிளியரி இருவரின் புதிய இசை நாடகம் லெஸ்டர் கர்வ் அரங்கில் தொடங்கியது. 2019இல் லண்டன் வெஸ்ட் எண்டுக்குப் போனது. இதில் ஏட்ரியனாகவும் பண்டோராவாகவும் நடித்தவர்கள் நிஜமாகவே சிறுவர் சிறுமியர். அந்த வயதின் இறுமாப்பைப் பெரியவர்கள் நடித்தால் கிண்டலாகிவிடும். பிள்ளைகள் நடித்தால் நம்பும்படி இருக்கும்.

இந்த டைரியைச் சிறுவர் புத்தகம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்தால் பருவுக்கும் காதலுக்கும் சிரிக்கும். அதே பக்கத்தை அந்தப் பிள்ளையின் அப்பா படித்தால், வேலை போன ஜார்ஜின் கோபத்தில் நின்றுவிடுவார். அம்மா படித்தால், பாலீன் ஏன் போனாள் என்று யோசிப்பார். ஆகவே என் யோசனை இது: முதலில் புத்தகத்தைப் படியுங்கள், பிறகு தொடரைப் பாருங்கள். ஏட்ரியன் எழுதாமல் விட்டதை நீங்களே கண்டுபிடிக்கிற சுகம் அப்போதுதான் கிடைக்கும். வீட்டில் வளர்ந்த பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையும் படித்து முடித்த பிறகு, எந்த இடத்தில் சிரித்தாய் என்று கேட்டுப் பாருங்கள். உங்கள் பதிலும் பிள்ளையின் பதிலும் ஒன்றாக இருக்காது.