பகல் மின்சாரமும் இரவு மின்சாரமும்



தில்லியிலோ, மும்பையிலோ, கொல்கத்தாவிலோ, பெங்களூரிலோ வாழும் நாம், மாலையில் வேலை முடிந்து வீடு திரும்பியதும் முதலில் செய்யும் காரியம் விளக்கைப் போடுவதாகும். பிறகு மின்விசிறி சுழல்கிறது, கோடையாயின் ஏ.சி. ஓடுகிறது, அடுக்களையில் கிரைண்டரில் மாவு அரைபடுகிறது. கம்பி வழியே வரும் மின்சாரம் எப்பொழுதும் ஒன்றே என்பது நம் எண்ணம். ஆனால் அது பிறக்கும் இடத்தைப் பார்த்தால், பகல் மின்சாரம் வேறு, இரவு மின்சாரம் வேறு என்பது புலனாகும். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொள்வது இன்று நம் கடமைகளுள் ஒன்றாகிவிட்டது.

நிலக்கரியை எரித்து ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக்கினால், ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கரியமில வாயு வானில் கலக்கிறது. பூமியின் வெப்பம் வெளியேறாதபடி போர்வைபோல் மூடி நிற்பது இவ்வாயு. வெளியிடும் வாயுவும் மீட்கப்படும் வாயுவும் சரிக்குச் சரியாக இருக்கும் நிலையை 2070-க்குள் எய்துவோம் என்று 2021-ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநாட்டில் இந்தியா உறுதி கூறிற்று. 2025-ஆம் ஆண்டின் நடுவில், நாட்டின் மின் உற்பத்தித் திறனில் சரிபாதி, நிலக்கரி முதலிய எரிபொருள்களைச் சாராத நிலையங்களுக்கு உரியதாயிற்று. 2030-க்கு வைத்திருந்த இலக்கு ஐந்தாண்டு முன்னதாகவே கைகூடியது மகிழ்ச்சிக்குரியது.

எனினும் 2024-25-ஆம் ஆண்டில் உற்பத்தியான மின்சாரத்தில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் நிலக்கரியிலிருந்தே வந்தது. திறனில் பாதி இருந்தும் விளைவில் பாதி இல்லாதது ஏன்? ஒரு கடையில் இரண்டு ஆட்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வெயில் உள்ளபோது மட்டும் வேலை செய்பவர்; மற்றவர் இரவு பகல் பாராது உழைப்பவர். ஆள் கணக்கில் இருவரும் சமம். வேலைக் கணக்கில் சமமாவரோ?

ராஜஸ்தானப் பாலைநிலத்தில் பத்லா, கர்நாடகத்தில் பாவகடா ஆகிய இரண்டும் 2,000 மெகாவாட்டுக்கு மேற்பட்ட சூரிய மின் பூங்காக்கள். மத்தியப் பிரதேசத்து ரேவாவில் 750 மெகாவாட் நிலையம் ஒன்று உண்டு. 2017-ஆம் ஆண்டு ஏலத்தில் அதன் முதலாண்டு விலை யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 பைசாவாக அமைந்தது. அந்த மின்சாரத்தின் ஒரு பகுதி தில்லி மெட்ரோ ரயிலுக்குச் செல்கிறது. பகலில் அந்த ரயிலில் செல்வோர் ஓரளவு வெயிலின் துணையால் பயணம் செய்கின்றனர் எனலாம். பொழுது சாய்ந்த பிறகோ, ரயிலும் வீடும் பெரும்பாலும் நிலக்கரியையே நாடுகின்றன.

அந்த நிலக்கரி நாட்டில் வாழும் மக்களையும் நாம் நினைத்தல் வேண்டும். உத்தரப் பிரதேசமும் மத்தியப் பிரதேசமும் கூடும் எல்லையில் சிங்ரௌலி வட்டாரம் இருக்கிறது. ரிஹந்த் அணை எழுந்தபோது அங்கே பல குடும்பங்கள் ஊரை இழந்தன. பின்னர்ச் சுரங்கங்களும் அனல் மின் நிலையங்களும் வந்தபோது அவற்றுள் சில மீண்டும் பெயர்ந்தன. நகரங்களின் விளக்குக்காக இருமுறை இடம் மாறியவர்கள், நிலக்கரி வேண்டாம் என்னும் காலத்தில் மூன்றாம் முறை வேலையையும் இழந்து நிற்கலாகாது. பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு வந்த நமக்கு இவ்வருத்தம் விளங்காததன்று. சூரியப் பூங்காவிலும் இக்கவலை உண்டு. பாவகடாவில் உழவர்கள் நிலத்தை விற்காமல் குத்தகைக்கு விட்டமையால் ஆண்டுதோறும் வருவாய் பெறுகின்றனர். ஆனால் அந்நிலத்தில் கூலி வேலை செய்த நிலமற்றவர்களுக்குக் குத்தகைப் பணம் இல்லை. மாற்றத்தின் பயனோடு அதன் சுமையையும் பகிர்ந்துகொள்வதே அறமாகும்.

பகல் மின்சாரத்தை இரவுக்குச் சேமிக்க வழியில்லையா? உண்டு. மேட்டில் ஒரு நீர்த்தேக்கம், பள்ளத்தில் ஒரு நீர்த்தேக்கம் அமைத்து, மின்சாரம் மிகுந்தபோது நீரை மேலேற்றி, தேவை மிகுந்தபோது கீழே பாயவிட்டு மின்சாரம் எடுக்கலாம். மேற்கு வங்கத்துப் புருலியாவில் 900 மெகாவாட்டிலும், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட்டிலும் இத்தகைய நிலையங்கள் உள்ளன. இம்முறையில் ஓரளவு மின்சாரம் வீணாகும், செலவும் உண்டு. ஆதலால் சேமித்து வைப்பதினும், வெயில் உள்ளபோதே பயன்படுத்துவது சிக்கனம்.

இங்கேதான் நம் வீட்டுப் பங்கு தொடங்குகிறது. மேல்தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரையும் துணி துவைக்கும் இயந்திரத்தையும் மாலையில் ஓட்டாமல் நண்பகலில் ஓட்டலாம். விடுமுறை நாளின் பகலிலேயே வாரத்துக்கு வேண்டிய மாவை அரைத்துக்கொள்ளலாம். ஏ.சி.யின் வெப்பநிலையை ஒரு டிகிரி உயர்த்தினால் அது உண்ணும் மின்சாரத்தில் சுமார் 6 விழுக்காடு குறையும் என்பர். பகலில் குறைந்த கட்டணமும், தேவை மிகுந்த நேரத்தில் கூடுதல் கட்டணமும் விதிக்க 2023-ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் வழி செய்துள்ளன. நம் மாநிலத்தில் அது எவ்வாறு நடைமுறையாகிறது என்று மின்கட்டணச் சீட்டைப் பார்த்து அறியலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்க்குக் கூரை ஏது என்று கேட்கலாம். 2024-ஆம் ஆண்டு தொடங்கிய கூரைச் சூரிய மின் திட்டத்தில், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள் பொது வசதிகளுக்காக அமைக்கும் சாதனத்துக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் உண்டு. மாடிவிளக்கும் மின்தூக்கியும் நீர் மோட்டாரும் அதில் அடங்கும். சங்கக் கூட்டத்தில் இதை எடுத்துரைக்க வீட்டின் சொந்தக்காரராக இருக்க வேண்டுவதில்லை. எழுந்து பேசும் ஒருவர் போதும்.

ஒரு வீட்டின் துணி துவைப்பு நேரம் மாறுவதால் சிங்ரௌலியின் புகைபோக்கி ஓய்ந்துவிடாது. ஆயினும், மாலைத் தேவை என்பது கோடி வீடுகளின் பழக்கம் சேர்ந்து உண்டாவது. பழக்கத்தால் வந்தது பழக்கத்தால் மாறும். இன்று மாலை விளக்கைப் போடும்போது, இது எங்கே எரிந்த கரி என்று ஒரு கணம் எண்ணிப் பார்ப்போமாக.