ஆறாத ரத்தக்கட்டு

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். என் அண்ணன் நோயில் கற்றுக்கொண்டதை மட்டும் உங்களிடம் சொல்கிறேன்.

அண்ணனுக்கு 72 வயதில் உச்சந்தலையில் ஊதா நிறத் திட்டு ஒன்று வந்தது. எங்கேயோ இடித்துக்கொண்ட ரத்தக்கட்டு என்று தைலம் தடவினோம். 4 மாதம் போய்விட்டது. பிறகு பயாப்ஸி எடுத்தபோது ‘ஆஞ்சியோசார்கோமா’ என்றார்கள். ரத்தக்குழாயின் உட்புறச் செல்களில் தொடங்கும் அரிய புற்றுநோய். வயதானவர்களுக்குத் தலையிலும் முகத்திலும்தான் அதிகம் வருமாம்.

ரிப்போர்ட்டில் ‘சிடி31 பாசிட்டிவ், இஆர்ஜி பாசிட்டிவ்’ என்று இருந்தது. “பாசிட்டிவ்னா நல்லதுதானே தம்பி?” என்று அண்ணி கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

டாக்டர் விளக்கினார். இவை ரத்தக்குழாய்ச் செல்களில் இருக்கும் புரதங்கள். கட்டி எந்த வகைச் செல்லைச் சேர்ந்தது என்று காட்டும். இனி எப்படிப் போகும் என்று காட்டாது. எங்கள் பாஷையில் சொன்னால், மாதிரிக் கையெழுத்தைப் பார்த்துக் கணக்கு யாருடையது என்று சொல்லலாம், இருப்பு எவ்வளவு என்று சொல்ல முடியாது. அதற்குப் பார்ப்பது வேறு: கட்டி 5 சென்டிமீட்டரைத் தாண்டியதா, பரவியதா, முழுதாக அகற்ற முடியுமா, நோயாளியின் வயதும் உடல்நிலையும் எப்படி.

மரபணுச் சோதனையும் அப்படித்தான். ‘இஎச்இ’ என்று இன்னொரு ரத்தக்குழாய்ப் புற்று உண்டு. 10 லட்சத்தில் ஒருவருக்கு வரலாம். அதில் பெரும்பாலோருக்கு இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொண்டிருப்பதை 2011இல் கண்டுபிடித்தார்கள். நோயை உறுதி செய்ய அது பெரிய உதவி. ஆனால் அதே மாற்றம் உள்ள ஒருவருக்கு நோய் பல வருடம் சும்மா கிடக்கிறது, இன்னொருவருக்கு வேகமாகப் பரவுகிறது.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்:

1. பெரியவர்களின் தலையிலோ முகத்திலோ வந்த ரத்தக்கட்டு இரண்டு மூன்று வாரத்தில் மறையாவிட்டால் தோல் டாக்டரிடம் காட்டுங்கள்.

2. மார்பகப் புற்றுக்குக் கதிர்வீச்சு எடுத்தவர்கள், பல வருடம் கழித்தானாலும், அந்த இடத்தில் புதுத் திட்டு வந்தால் காட்டுங்கள். அங்கேயும் இந்த நோய் அபூர்வமாக வருவதுண்டு.

3. ரிப்போர்ட்டில் உள்ள ஒவ்வொரு வரிக்கும், “இது நோயின் பெயரைச் சொல்கிறதா, போக்கைச் சொல்கிறதா?” என்று கேளுங்கள். பயாப்ஸி பிளாக்கையும் ஸ்லைடையும் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வேறொரு டாக்டரின் கருத்தைக் கேட்க அவை வேண்டும்.

அண்ணன் அதன்பின் 14 மாதம் இருந்தார். முன்பே போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கட்டி சிறியதாக இருந்திருக்கும். அந்த 4 மாதத்தை நீங்கள் இழக்க வேண்டாம்.