325 கிலோமீட்டர் கண்ணாடி

“எங்க ஊர்ப்பக்கம் முத்து, உப்பு, துறைமுகம் தவிர பேசுறதுக்கு என்ன இருக்கு?”ன்னு மாப்பிள்ளையூரணியிலிருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க. இருக்குங்க. பக்கத்துல தூத்துக்குடிக் கரையில இருந்து கொழும்பை ஒட்டின மவுண்ட் லவினியா வரைக்கும், 2006-ல பிஎஸ்என்எல்-லும் ஸ்ரீலங்கா டெலிகாமும் சேர்ந்து கடலடியில ஒரு ஃபைபர் கேபிள் போட்டாங்க. பேர் பாரத் லங்கா. நீளம் சுமார் 325 கிலோமீட்டர்.

சாதாரண ஃபைபர்ல ஒரு கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல் இழப்பு. கேட்க ரொம்பச் சின்னதா இருக்கும். ஆனா 15 கிலோமீட்டர் போனா வெளிச்சம் பாதியாகிடும். அடுத்த 15-ல அதுலயும் பாதி. இப்படியே 325 கிலோமீட்டர் போனா, அனுப்பினதுல சுமார் 32 லட்சத்துல ஒரு பங்குதான் மறுகரைக்குப் போய்ச் சேரும்! இழப்பை 0.17-க்குக் கொண்டு வந்தா? கிட்டத்தட்ட பத்து மடங்கு வெளிச்சம் கூடுதலா கிடைக்கும். இந்தத் துறை ஆராய்ச்சியாளர்கள் ஏன் புள்ளிக்கு அப்புறம் வர்ற எண்ணுக்கு உயிரை விடுறாங்கன்னு இப்போ புரியுதா?

1966-ல சார்லஸ் காவ் சொன்னது இதுதான்: குறை கண்ணாடியில இல்ல, அதுல கலந்திருக்கிற அழுக்குல. இழப்பு 20 டெசிபெல்லுக்குக் கீழே வந்தாலே தொலைத்தொடர்புக்கு ஆகும்னார். 1970-ல கார்னிங் கம்பெனி 17-ஐ எட்டினாங்க. இரும்பு, செம்பு எல்லாம் நூறு கோடியில சில பங்கு இருந்தாலே வெளிச்சத்தைக் குடிச்சிடும். தண்ணீரோட சுவடும் அப்படித்தான். அதைத்தான் கடலுக்குள்ளயே போடுறோம், பாருங்க! அதனால இழையைப் பசை நிரப்பின குழாய்க்குள்ள வெச்சு, மேல பாலித்தீன், கரையோரத்துல எஃகுக் கம்பின்னு சுத்தி எடுத்துட்டுப் போறாங்க.

அழுக்கை எல்லாம் நீக்கினாலும் கண்ணாடியோட அணுக்களே கொஞ்சம் ஒளியைச் சிதறடிக்கும். அதை ஒழிக்க முடியாது. ஆனா சிதறல்லயே இன்னொரு வகையை வேலைக்கு வெச்சுக்கலாம். நம்ம திருச்சியில பிறந்த சி.வி. ராமன் 1928-ல கண்டுபிடிச்ச விளைவு இருக்கே, அதேதான். மறுகரையில இருந்து வேற அலைநீளத்துல பலமான லேசரை எதிர்த்திசையில செலுத்தினா, அந்த இழையே பெருக்கியா மாறிடும். இந்தத் தூரத்துக்கு நடுக்கடல்ல கரண்ட் கொடுத்து ரிப்பீட்டர் வைக்காம சமாளிக்க இது ஒரு வழி. ஆனா சென்னை–அந்தமான் கேபிள் 2,300 கிலோமீட்டர். அங்க ரிப்பீட்டர் இல்லாம நடக்காது.

இவ்வளவு கஷ்டப்பட்டும், உலகம் பூரா கேபிள் அறுபடுறதுல பெரும்பங்கு நங்கூரத்தாலயும் மீன்பிடி வலையாலயும்தான். மன்னார் வளைகுடாவுல கரையோரம் ஆழமும் கம்மி. இதுல மீனவரை வில்லனா காட்டுற செய்திகள் எனக்குப் பிடிக்காது. அவங்க தொழில் பண்ற இடத்துல கேபிள் போறது அவங்களுக்குத் தெரியணும், சிக்கின வலையை அறுத்து விட்டா நஷ்டஈடு கிடைக்கணும். கேபிளை இழுத்துப் பார்க்கிறதைவிட வலையை விடுறதுதான் உயிருக்கும் பாதுகாப்பு.

கடைசியா ஒரு புது நம்பர். நடுவுல கண்ணாடிக்குப் பதிலா காற்று இருக்கிற ஃபைபர்ல இழப்பு 0.091-ன்னு 2025-ல வெளியிட்டாங்க. அதே 325 கிலோமீட்டருக்குப் போட்டுப் பார்த்தேன்: சுமார் 900-ல ஒரு பங்கு வெளிச்சம் கரை சேருது.